வெள்ளைப் பணியாரம் ஏன் சிவக்கிறது?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் அப்பத்தா காலையில் சுடும் வெள்ளைப் பணியாரம் ஓரம் சுருண்டு, மல்லிகைப்பூ போல வெளுப்பாக இருக்கும். நான் சுட்டால் சிவந்து, எண்ணெய் குடிக்கிறது. எங்கே தவறு?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். குவிந்து நிற்பதுதான் உளுந்தின் அளவு. அதற்கு மேல் போனால் எண்ணெய் குடிக்கும்.

இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, குளிர்ந்த நீர் தெளித்து வெண்ணெய் போல அரையுங்கள். மிக்ஸி சூடேறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் பால் விட்டு, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரையுங்கள்.

சிவப்பதற்குப் பெரும்பாலும் காரணம் புளித்த மாவுதான். இது இட்லி மாவல்ல. அரைத்த உடனே சுட வேண்டும். சர்க்கரை கூடினாலும், எண்ணெய் புகைந்தாலும் நிறம் மாறும்.

மிதமான தீயில், குழிந்த வாணலியின் நடுவில் ஒரே கரண்டி மாவை ஊற்றுங்கள். அடியில் போய் மேலெழும். அப்போது சூடான எண்ணெயைக் கரண்டியால் மேலே அள்ளி விட்டால் நடுப்பகுதி உப்பும். திருப்பிப் போட்டு, வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான், பொறுமை வேண்டும். முதல் பணியாரம் உருண்டையானால் மாவு கெட்டி, பால் தெளியுங்கள். ஓரம் பிய்ந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவு.

தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. தேங்காய்ச் சட்னி இதற்குச் சப்பென்று இருக்கும்.