லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தில் இருந்தபடியே ஒரு கோப்பை அதற்குரிய செயலியில் திறப்பது எப்படி?

செயலியின் பெயரை நினைவில் வைத்திராமல், மக் கணினியில் ‘ஓப்பன்’ என்றும் விண்டோஸில் ‘ஸ்டார்ட்’ என்றும் இருப்பதுபோல எந்தக் கோப்பையும் திறக்கும் ஒரே கட்டளை லினக்ஸில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அதன் பெயர் எக்ஸ்டிஜி-ஓப்பன். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவில் ஒரு சிறுகோட்டுடன் தட்டச்சிட்டு, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்.

பரந்தனுக்கு அண்மையில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தில், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவிய நான்கு பழைய மடிகணினிகளை வைத்துச் சாதாரண தர மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். கடந்தகால வினாத்தாள்களான பிடிஎப் கோப்புகளையும், புள்ளிகளைப் பதியும் லிப்ரேஓபிஸ் விரிதாளையும் அவர்கள் இந்தக் கட்டளையாலேயே திறக்கிறார்கள். கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளியை மட்டும் இட்டால், அப்போது நிற்கும் கோப்புறையே சாளரமாகத் திறக்கும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒருநாள் ஒரு மடிகணினியில் மட்டும் கணித வினாத்தாள், படம் திருத்தும் கிம்ப் செயலியில் போய்த் திறந்து, எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றது. பிழை கட்டளையில் இல்லை. எக்ஸ்டிஜி-ஓப்பன் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. எந்த வகைக் கோப்புக்கு எந்தச் செயலி என்று கணினியில் பதிந்திருக்கிறதோ, அதனிடமே கோப்பு போய்ச் சேரும். ஆகவே திருத்த வேண்டியது அந்தப் பதிவைத்தான். ‘எக்ஸ்டிஜி-மைம் குவெரி டிபோல்ட் அப்ளிக்கேசன்/பிடிஎப்’ என்று முனையத்தில் கேட்டபோது ‘கிம்ப்.டெஸ்க்டாப்’ என்று, அதாவது கிம்ப் செயலியைக் குறிக்கும் டெஸ்க்டாப் கோப்பின் பெயர், பதிலாக வந்தது. குவெரி என்ற சொல்லை நீக்கி, டிபோல்ட் என்பதற்கும் கோப்பு வகைக்கும் நடுவில் பிடிஎப் வாசிக்கும் எவின்ஸ் செயலியின் டெஸ்க்டாப் கோப்புப் பெயரைச் செருகியதும் கோளாறு தீர்ந்தது. இதற்கு நிருவாகியின் கடவுச்சொல் தேவையில்லை, ஏனெனில் மாற்றம் அந்தப் பயனருக்கு மட்டுமே உரியது.

‘கணிதம் பகுதி 2’ என்பதுபோல இடைவெளியுள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். இல்லாவிட்டால் அது மூன்று பெயர்களாக உடைந்துவிடும். எக்ஸ்டிஜி-ஓப்பனோ ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் ஏற்கும். பலவற்றை ஒன்றாகத் திறக்க வேண்டுமானால், உபுண்டுவில் வழக்கமாக இருக்கும் க்னோம் திரைச்சூழலில் ‘ஜியோ ஓப்பன்’ (ஜியோ என்பது ஜி, ஐ, ஓ என்ற மூன்று எழுத்துகள்) கட்டளையைப் பயன்படுத்தலாம்.