பழனிக்கு நடக்கிறீர்களா? முதல் செலவு காலுக்கு

கேள்வி: தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்களோடு காரைக்குடியிலிருந்து பழனிக்கு முதல்முறையாக நடக்கப் போகிறேன். ஷூ, பை, ஸ்லீப்பிங் பேக், டார்ச் என்று கணக்குப் போட்டால் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. இவ்வளவும் வேண்டுமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: பாதிக்கு மேல் வேண்டாம். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போகும் அந்த வழியில் தைப்பூச சமயத்தில் யாரையும் பசியோடு விடமாட்டார்கள். அன்னதானப் பந்தல், மோர்ப் பந்தல் என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். பிஸ்கட்டும் முறுக்கும் சுமப்பது வீண். குழுவாகப் போனால் பெரும்பாலும் சாமான் வண்டி கூடவே வரும். போர்வை, மாற்றுத் துணி எல்லாம் அதில் போய்விடும். தை மாதப் பனிக்கு வீட்டில் இருக்கும் கம்பளியே போதும், ஸ்லீப்பிங் பேக்கை மறந்துவிடுங்கள். தோளில் தண்ணீர், துண்டு, மருந்து அடங்கும் சின்னப் பை இருந்தால் சரி.

காசை இறக்க வேண்டிய இடம் கால். 150 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தார் ரோடு. மலையேற்ற பூட்ஸ் கனம், அது இங்கே தேவையில்லை. இலகுவான ரன்னிங் ஷூ போதும். சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இன்னொரு சோதனை: உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல், விற்பனையாளர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். ‘போடப் போட லூஸாகிடும் சார்’ என்பார்கள். அதற்குள் கொப்புளம் வந்துவிடும்.

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. அந்தக் கோட்டுக்குக் கீழேயே நல்லது கிடைக்கிறது.

எதை வாங்கினாலும் ஒரு மாதம் முன்னால் வாங்கிப் போட்டு நடந்து பழகுங்கள். கடைசி வாரத்தில் வாங்கிய புது ஷூ நத்தம் தாண்டுவதற்குள் கழுத்தில் தொங்கும். முழுப் பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்ததாக இரண்டு, மூன்று ஜோடி எடுங்கள். தொடை உரசலுக்கு வாஸ்லின் சின்ன டப்பா ஒன்று.

செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டுதல் என்றால் வாங்க எதுவுமில்லை, இப்போதிருந்தே வெறுங்காலில் பழக வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் காலைக் காட்டாமல் இதில் இறங்கக்கூடாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் 80 ரூபாய்க்கும் இருக்கிறது, 400க்கும் இருக்கிறது. என்ன வித்தியாசம்? ஓஆர்எஸ் பொட்டலத்திலும் குழப்பம்.
– மேலூர் வாசகி

பதில்: ஜாக்கெட்டைக் கடையிலேயே சோதித்துவிடலாம். இரண்டு ஆள் தூரத்தில் பிடிக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடியுங்கள். அசல் பட்டை பளீரென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சாம்பல் பெயின்ட் பூசிய துணி மங்கலாகத்தான் தெரியும். விடியலுக்கு முன் நடப்பவர்களுக்கு உயிர் காக்கும் சாமான் இதுதான். முதுகிலும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், லாரி பின்னாலிருந்துதான் வரும்.

ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவன முறைப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 இருக்க வேண்டும். இந்த முறைப்படி இல்லாத இனிப்புப் பானங்கள் ‘ஓஆர்எஸ்’ என்று பெயர் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு கையில் மாட்டலாம், அதனால் பெயரை நம்பி எடுக்காதீர்கள். இதுவும் வயிற்றுப்போக்கு வந்தால் தேவைப்படும் என்று இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்வதற்குத்தான். சும்மா நடக்கும் களைப்புக்கு உப்புப் போட்ட மோர் போதும்.

கேள்வி: யாத்திரைக்கு வாங்கிய ஷூவின் அடிப்பாகம் இரண்டு வாரத்தில் பிரிந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. ‘சைஸ் சேரவில்லை, கலர் பிடிக்கவில்லை’ என்பது வேறு விஷயம், அதற்கு மாற்றித் தருவது கடைக்காரர் மனசு.

பிரிந்த இடத்தையும் பில்லையும் இன்றே போட்டோ எடுங்கள். இப்போது வரும் தெர்மல் பில் சில மாதத்தில் வெளுத்துப்போகும். கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பெரும்பாலான கடைகள் இந்த அழைப்போடு இறங்கி வந்துவிடும். அப்படியும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, யாத்திரை முடிந்து வந்தும் போடலாம்.