செயலி ‘நன்று’ என்கிறது, டிரோன் பாதியில் இறங்குகிறது

கேள்வி: என் டிரோனுக்கு இரண்டு பேட்டரிகள். வாங்கி மூன்று ஆண்டாகிறது, சார்ஜ் சுழற்சி 40தான். செயலியில், ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் இருக்கும் இரண்டு செல்களும் சமமாக 4.38 வோல்ட் காட்டுகின்றன, நிலை ‘நன்று’. ஆனால் 26 நிமிடம் பறந்தது இப்போது 17 நிமிடம்கூடத் தாங்குவதில்லை. 35 விழுக்காடு இருக்கும்போதே, எதிர்காற்றில் டிரோனை மேலே ஏற்றினால் மின்சாரம் குறைவு என்று எச்சரிக்கிறது. நினைத்ததும் கிளம்ப வசதியாக எப்போதும் முழுதாக ஏற்றியே அலமாரியில் வைத்திருப்பேன். பழுது எங்கே?
– பொங்கோல் வாசகர், சிங்கப்பூர்

பதில்: பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியில்தான் காரணம் இருக்கிறது. பறந்து தேய்ந்ததைவிட, முழுச் சார்ஜோடு அலமாரியில் கிடந்து தேய்ந்ததே அதிகம்.

4.38 வோல்ட் என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. புதிய செல்லானாலும் பழையதானாலும், முழுதாக ஏறியதும் ஏறக்குறைய அதே வோல்ட்டைத்தான் காட்டும். சுண்ணாம்பு படிந்து உள்ளளவு குறைந்த குடமும் விளிம்புவரை நிரம்பத்தானே செய்யும்! திரையில் தெரியும் 100 விழுக்காடும் இன்றைய கொள்ளளவில் 100தான். செல்கள் சமமாக இருப்பதற்குக் காரணம், இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே அளவு மூத்ததுதான். சுழற்சி எண்ணிக்கையோ பயன்பாட்டை மட்டுமே கணக்கிடும். சும்மா கிடந்த மாதங்கள் அதில் ஏறாது.

உள்ளே நடப்பது இதுதான். லித்தியம் பேட்டரியின் கிராஃபைட் முனையில் மெல்லிய படலம் ஒன்று உருவாகும். முதலில் அது தேவை, செல்லைக் காக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். அதில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது, கொள்ளளவு குறைகிறது. மூப்பு கூடக்கூட, செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்மின்தடையும் ஏறுகிறது. உயர்ந்த வோல்ட், வெப்பம் இரண்டுமே இதை விரைவுபடுத்தும். பொதுவான கணக்கில், வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிற்பகலில் 31, 32 டிகிரி தொடும் நம் ஊரில், குளிர்சாதனம் ஓடாத அறையின் மூடிய அலமாரி நல்ல இடமே இல்லை.

எச்சரிக்கை முன்கூட்டியே வருவதற்கு இந்த உள்மின்தடைதான் காரணம். ஒரு செல்லின் தடை 0.04 ஓம் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரோன் 5 ஆம்பியர் இழுத்து ஒரே இடத்தில் மிதக்கும்போது 0.2 வோல்ட் கூடுதலாக விழும். காற்றை எதிர்த்து ஏற 10 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட். 3.7இல் இருந்த செல் 3.3க்குச் சரிந்ததும் டிரோன் பதறுகிறது. தரையிறக்கிச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் வோல்ட் மீண்டிருக்கும், செயலியும் ‘நன்று’ என்றே சொல்லும்.

ஆகவே பேட்டரியைச் சுமை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். முழுதாக ஏற்றி, காற்றில்லாத காலையில் இரண்டு மீட்டர் உயரத்தில் மிதக்கவிட்டு, 20 விழுக்காடு வரும்வரை நேரம் குறியுங்கள். இரண்டு பேட்டரிகளையும் ஒரே நாளில் செய்தால்தான் ஒப்பிட முடியும். வீட்டருகே வேண்டாம், பொங்கோலின் பெரும்பகுதி சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருவதால் அனுமதி வேண்டும். ஏறிய மின்னளவை மில்லி ஆம்பியர் மணியில் காட்டும் சார்ஜர் இருந்தால் இன்னும் நல்லது: 20இலிருந்து 100 வரை ஏற எவ்வளவு உள்ளே போனது என்று பார்த்து, பேட்டரியில் அச்சிட்ட கொள்ளளவின் 80 விழுக்காட்டோடு ஒப்பிடுங்கள்.

நீங்கள் சொல்லும் 17 நிமிடம், பழைய நேரத்தில் ஏறக்குறைய 65 விழுக்காடு. சோதனையிலும் அப்படியே வந்தால், இவற்றை நீர்ப்பரப்பின் மேலோ தொலைவுக்கோ அனுப்பாதீர்கள். தாழ்வான குறும்பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முழுதாக ஏற்றி இறக்கினால் போன கொள்ளளவு திரும்பும் என்று சிலர் சொல்வார்கள். திரும்பாது, விழுக்காட்டுக் கணக்கு மட்டும் சற்றுச் சரியாகலாம்.

புதிய பேட்டரி வாங்கினால் 50, 60 விழுக்காட்டில் வையுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஏற்றினால் போதும். சில பேட்டரிகள் சில நாள் கிடந்தால் தாமே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் வாராவாரம் நிரப்பிக்கொண்டே இருந்தால் அந்த வசதிக்கு வேலையே இல்லாமல் போகிறது. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் நம் ஈரக்காற்றில் வியர்க்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது.

பழையவற்றின் உறையை விரலால் தடவிப் பாருங்கள். சற்றே உப்பியிருந்தாலும் மறுபடி சார்ஜரில் செருகாதீர்கள். வீட்டுக் குப்பையிலும் போடாமல், விற்ற கடையில் விசாரித்து நேரில் ஒப்படையுங்கள்.