ஜெர்மனியில் அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஜெர்மன் சாப்பாடு என்றால் சாசேஜ், உருளைக்கிழங்கு, ரொட்டி, அவ்வளவுதான் என்கிறார்கள் இங்கே இருக்கும் நம் ஆட்கள். மே மாதம் அம்மா வருகிறார். முட்டை சாப்பிடுவார், கறி, மீன் தொடமாட்டார். நான் எல்லாம் சாப்பிடுவேன். இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சாப்பிடுவது எதையாவது அவருக்கு வாங்கித் தர ஆசை. இல்லை, பேசாமல் இத்தாலியன் உணவகத்துக்கே கூட்டிப்போய்விடட்டுமா?

– ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்

அன்புள்ள தம்பி,

இத்தாலியன் வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரின் சாப்பாடே பருப்புதான்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஷ்வாபியப் பகுதியின் வீட்டுச் சமையல் என்றால் முதலில் 'லின்சன் மிட் ஷ்பேட்ஸ்லே'. தோல் நீக்காத சிறு பருப்பை, நம் மைசூர்ப் பருப்பின் இனம்தான் அது, கேரட், வெங்காயத்தோடு வேகவைத்து, கடைசியில் வினிகர் விட்டுப் புளிப்பேற்றுவார்கள். கூட வரும் ஷ்பேட்ஸ்லே, கோதுமை மாவில் முட்டை அடித்துச் செய்வது. தளர்ந்த மாவை மரப்பலகையில் வைத்துக் கொதிநீரில் கீற்றுக் கீற்றாகச் சீவிப்போடுவார்கள். இடியாப்ப உரல் மாதிரி ஒரு கருவியில் பிழிவதும் உண்டு. பருப்போடு சாசேஜும் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பது வழக்கம். அதனால் 'ஓனே ஷ்பெக், ஓனே வுர்ஸ்ட்' (கொழுப்பு இல்லாமல், சாசேஜ் இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'பருப்பு வேகும்போதே கொழுப்பைப் போட்டுவிட்டோம்' என்று கடைக்காரர் சொன்னால், சீஸும் வறுத்த வெங்காயமும் போட்ட கேஸ்ஷ்பேட்ஸ்லே வாங்கிக்கொடுங்கள்.

அந்தப் பருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஷ்வாபிய ஆல்ப் மேட்டுநிலம் சுண்ணாம்புக்கல் பூமி, மண் கனம் இல்லாதது. பருப்பு அங்கே நன்றாக வரும். ஆனால் செடி தானாக நிற்காது, ஓட்ஸோ பார்லியோ கூடவே விதைத்து அதன்மேல் சாயவிட வேண்டும். அறுவடைக்குப் பிறகு இரண்டையும் பிரிக்க வேண்டும். இவ்வளவு பாடு கட்டுப்படியாகாமல், இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த சில பத்தாண்டுகளில் சாகுபடியே நின்றுபோனது, உள்ளூர் விதையும் அழிந்தது. 1985 வாக்கில் வோல்டெமார் மம்மெல் என்ற விவசாயி மறுபடி பருப்புப் போட்டபோது பிரெஞ்சு ரகத்தைத்தான் விதைக்க முடிந்தது. பழைய ரகங்கள் 2006இல் கிடைத்தன, அதுவும் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாவிலோவ் விதை வங்கியில். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை அந்த நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, அங்கிருந்த விஞ்ஞானிகள் சிலர் விதையைத் தொடாமல் பட்டினியில் செத்தார்கள். அந்த வங்கிதான் ஜெர்மன் விவசாயிக்கு அவன் விதையைத் திருப்பிக் கொடுத்தது. இன்று 'ஆல்ப் லைசா' என்ற பெயரில் விற்கிறார்கள். விலை கூடுதல்தான், இருந்தாலும் வாங்குங்கள். அம்மாவே சமைத்துப் பார்க்கட்டும்.

நம் ஆட்கள் சொல்வது எங்கே தவறுகிறது என்றால், 'ஜெர்மன் சாப்பாடு' என்று பொதுவாக ஒன்றைத் தேடுகிறார்கள். 1871 வரை அது ஒரே நாடாகவே இருக்கவில்லை. சின்னச் சின்ன அரசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு. சுற்றுலாப் பயணிகளுக்கென்று எல்லா ஊர்ச் சாப்பாட்டையும் ஒரே மெனுவில் போடும் கடையில் எதுவுமே சரியாக இருக்காது. எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்ச் சாப்பாட்டை, எந்த மாதமோ அந்த மாதத்தில் விளைவதைக் கேளுங்கள்.

மே மாதம் என்றால் வெள்ளை அஸ்பாரகஸ். மண்ணை மேடாகக் குவித்து, வெயில் படாமல் வளர்ப்பதால் அந்த நிறம். ஜூன் 24, புனித யோவான் நாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள், செடி அடுத்த வருடத்துக்குத் தேற வேண்டும் அல்லவா. ஹைடல்பர்க் பக்கத்தில் ஷ்வெட்சிங்கன் இதற்குப் பேர்போன ஊர். வேகவைத்த தண்டு, உருக்கிய வெண்ணெய், புது உருளைக்கிழங்கு, அவ்வளவே. ஹாம், அதாவது பன்றி இறைச்சி, வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள்.

பிராங்ஃபர்ட் வழியாக அம்மா வந்தால் அங்கே ஒரு வேளை 'க்ரூனே சோஸே'. பார்ஸ்லி, சைவ்ஸ், செர்வில், க்ரெஸ், சாரல், போரேஜ், பர்னெட் என்று ஏழு கீரைகள், எல்லாம் பச்சையாகவே. பொடியாக அரிந்து புளித்த க்ரீமில் கலந்து, அவித்த முட்டை, உருளைக்கிழங்கோடு குளிரக் குளிரப் பரிமாறுவார்கள். ஏழையும் ஒன்றாகக் காகிதத்தில் சுருட்டிச் சந்தையில் விற்பார்கள். 2016 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஜெர்மனியிலேயே கறி, மீன் இல்லாத சிறந்த சாப்பாடு இதுதான்.

கிழக்கே பெர்லின் பக்கம் போனால் ஷ்ப்ரேவால்ட். அங்கே தோலோடு அவித்த உருளைக்கிழங்கை க்வார்க் என்ற பால்கட்டியோடும் ஆளிவிதை எண்ணெயோடும் சாப்பிடுவார்கள். எண்ணெய் புதிதாக ஆட்டியதாக இருக்க வேண்டும், சீக்கிரம் கசந்துவிடும். ஷ்ட்ரௌபிட்ஸ் ஊரில் காற்றாலையிலேயே ஆட்டித் தருகிறார்கள்.

உங்களுக்கென்று இரண்டு. ரைன்லாந்தின் சவர்பிராட்டன்: இறைச்சியை நாள்கணக்கில் வினிகரில் ஊறவைத்து, உலர்திராட்சை போட்ட குழம்பில் வேகவைப்பது. இன்னொன்று வடக்கே பிரேமன், ஓல்டன்புர்க் பக்கத்து க்ரூன்கோல், அதாவது கேல் கீரை. பனி விழுந்த பிறகுதான் அதில் இனிப்பு ஏறும் என்பார்கள். ஓட்ஸும் கொழுப்பும் திணித்துப் புகையூட்டிய 'பிங்கெல்' சாசேஜோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். இதைத் தனியாகப் போய்ச் சாப்பிடுவதில்லை. நண்பர்கள் கூட்டமாக ஒரு கைவண்டியில் குடிக்க எடுத்துக்கொண்டு, குளிரில் வயல்வெளி வழியே நடந்து, கடைசியில் ஒரு விடுதியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தங்களுக்குள் ஒருவருக்கு 'கீரை ராஜா' பட்டமும் கட்டுவார்கள். ஜனவரியில் அந்தப் பக்கத்து நண்பர் யாராவது கூப்பிட்டால் விடுமுறை போட்டுவிட்டுப் போய்வாருங்கள்.