கதவு திறந்து எட்டு செகண்டு கழித்து

கேள்வி: ரோஜா வைக்கும் குளிர் அறைக்காக ஒரு போர்டு செய்திருக்கிறேன். யுஎஸ்பியில் செருகினால் வெர்ச்சுவல் சீரியல் போர்ட்டாகத் தெரியும். வெப்பநிலை எண்கள் ஒழுங்காக வருகின்றன. கதவு ஸ்விட்சின் நிலையை டிஎஸ்ஆர் (சீரியல் போர்ட்டில் ‘கருவி தயார்’ என்று சொல்லும் கம்பி) சிக்னலாக அனுப்புகிறேன், அதில்தான் தகராறு. கதவைத் திறந்தால் லினக்ஸ் லேப்டாப்பில் தெரிய நாலு செகண்டுக்குக் குறையாமல் ஆகிறது, சில தடவை எட்டு. திறந்து உடனே மூடினால், திறந்தே இருப்பதாகக் காட்டுகிறது. முன்பு ஃபுல் ஸ்பீடு (பெயர் அப்படி, ஹை ஸ்பீடைவிட மெதுவான பழைய யுஎஸ்பி வேகம்) சிப் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. இப்போது ஹை ஸ்பீடு சிப், போர்டில் ஓடும் புரோகிராம் அதேதான். மூன்று கேபிள் மாற்றிவிட்டேன். டிஸ்கிரிப்டர் (போர்டு தன்னைப் பற்றி கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பட்டியல்) விவரம் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: கேபிளை விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நாலு, எட்டு என்று எழுதினீர்களே, அதற்கே பாதிச் சம்பளம் உங்களுக்குத்தான். ‘லேட்டாக வருகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் நாலாவது கேபிள் வாங்கச் சொல்லியிருப்பேன்.

எண்ட்பாயின்ட் என்பது போர்டில் தகவல் போய்வரும் வாசல். வெப்பநிலை போவது பல்க் எண்ட்பாயின்ட் வழியாக. கதவு நிலை போவது இன்டரப்ட் எண்ட்பாயின்ட் வழியாக. பெயர்தான் இன்டரப்ட், உங்கள் போர்டு தானாகக் குறுக்கே புகுந்து எதையும் சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர் வந்து ‘ஏதாவது உண்டா?’ என்று கேட்கும்போது கொடுக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்பது டிஸ்கிரிப்டரில் பி-இன்டர்வல் என்ற பைட்டில் இருக்கும். உங்களுடையதில் 16.

ஃபுல் ஸ்பீடில் 16 என்றால் 16 மில்லி செகண்டு. ஹை ஸ்பீடில் கணக்கே வேறு: ஒன்றைக் கழித்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, 125 மைக்ரோ செகண்டால் பெருக்க வேண்டும். 2-இன் 15-ஆம் அடுக்கு 32,768. பெருக்கினால் 4.096 செகண்டு. பழைய எண்ணை அப்படியே புது சிப்புக்குக் கொண்டுபோன வினை இது. நானும் ஒருமுறை இதே குழியில் விழுந்து இரண்டு நாள் சாலிடரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது மட்டும் என்றால், தாமதம் பூஜ்யத்துக்கும் நாலுக்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு நாலுக்குக் குறையவே இல்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் இரண்டு நடை வருகிறது. கதவு நிலையைச் சுமந்து போகும் சீரியல் ஸ்டேட் செய்தி மொத்தம் 10 பைட்: தலைப்பு 8, நிலை 2. உங்கள் எண்ட்பாயின்ட்டின் பாக்கெட் அளவு, அதாவது ஒரு நடையில் போகக்கூடியது, 8. முதல் நடையில் தலைப்பு போய்விடுகிறது. டிஎஸ்ஆர் பிட் உட்கார்ந்திருக்கும் கடைசி 2 பைட் அடுத்த நடைக்குக் காத்திருக்கிறது. இந்தப் பந்திக்கு இலை, அடுத்த பந்திக்குச் சோறு!

ஹை ஸ்பீடு டிஸ்கிரிப்டரில் பி-இன்டர்வலை 8 ஆக்குங்கள். அது 16 மில்லி செகண்டு. ஃபுல் ஸ்பீடு டிஸ்கிரிப்டரில் 16 அப்படியே இருக்கட்டும், யாராவது பழைய ஹப்பில் செருகினால் அதுதான் பயன்படும். பாக்கெட் அளவை இரண்டிலும் 16 ஆக்குங்கள். சிப்பில் அந்த எண்ட்பாயின்ட்டுக்கு ஒதுக்கிய ஃபிஃபோ (அனுப்பும்வரை தகவல் காத்திருக்கும் நினைவகம்) இடம் அதற்குப் போதுமா என்றும் பாருங்கள்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் யுஎஸ்பிமான் (லினக்ஸில் யுஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்யும் வசதி) பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 8 பைட், நாலு செகண்டு கழித்து 2 பைட் என்று வரும். பிறகு ஒரே வரியில் 10 வர வேண்டும். போர்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் பதில்கள் அந்தப் பதிவில் வராது. அதனால் பதிவு சும்மா கிடந்தால் கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், கதவை டிசிடி (மறுமுனையில் இணைப்பு உண்டு என்று சொல்லும் கம்பி) சிக்னலுக்கு மாற்றலாமா என்று யோசித்தால் வேண்டாம். சிலோக்கல் (CLOCAL, ‘டிசிடியைக் கண்டுகொள்ளாதே’ என்ற அமைப்பு) போடாத போர்ட்டில் டிசிடி விழுந்தால் லினக்ஸ் இணைப்பையே துண்டித்துவிடும்.

மூடியும் திறந்தே தெரிவது போர்டில் ஓடும் உங்கள் புரோகிராமின் தவறு. முதல் செய்தி போய்ச் சேருவதற்குள் இரண்டாவதை அனுப்பப் பார்க்கிறீர்கள். எண்ட்பாயின்ட் ‘பிஸி’ என்கிறது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அனுப்பி முடிந்ததும் தானாக ஓடும் கால்பேக் ஃபங்ஷனில், கடைசியாக அனுப்பிய நிலையும் இப்போதைய ஸ்விட்ச் நிலையும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் மறுபடி அனுப்புங்கள். 16 மில்லி செகண்டில் இது அபூர்வமாகத்தான் நடக்கும். ஆனாலும் ஸ்விட்ச் துள்ளும்போது, அதாவது ஒரே அழுத்தலில் சட்டென்று பல தடவை தொட்டு விலகும்போது, நடக்கும்.