டோஸ்காவின் மெத்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘டோஸ்கா’ என்ற ஓபராவின், அதாவது மேலைநாட்டு இசை நாடகத்தின், கடைசிக் காட்சியில் நாயகி கோட்டைச் சுவரிலிருந்து குதித்துச் சாவாள். தலைக்கனம் பிடித்த ஒரு பாடகியைப் பழிவாங்க, மேடைப் பணியாளர்கள் சுவருக்குப் பின்னால் அவர் விழும் மெத்தையை எடுத்துவிட்டு, விழுந்தவரை மேலே எகிற வைக்கும் ஸ்பிரிங் துணியான டிராம்போலினைப் போட்டார்களாம். செத்த டோஸ்கா சுவருக்கு மேலே திரும்பத் திரும்ப எழும்பி வந்தாளாம். உண்மையா? எங்கள் அலுவலக நாடகத்திலும் ஒருவர் குதிக்க வேண்டும். அவரை யாருக்கும் பிடிக்காது. அதனால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

செய்யாதீர்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கதை ஓபரா உலகில் வாய்மொழியாகச் சுற்றுவது. சொல்பவரைப் பொறுத்து ஊர் நியூயார்க் ஆகும், சிகாகோ ஆகும், பாடகியும் மாறுவார். நான் இதை நம்பவில்லை. கணக்குப் போட்டாலே இடிக்கிறது.

சுவர் உச்சியிலிருந்து டிராம்போலின் துணி இரண்டரை மீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.6 மீட்டர் உயரமுள்ளவரின் தலை சுவருக்கு மேலே தெரிய, கால் 90 செ.மீ. எழும்ப வேண்டும். முன்வரிசையில் இருப்பவர் அண்ணாந்து பார்ப்பதால் அவருக்குத் தெரிய இன்னும் உயர வேண்டும். நடுத்துணியில் நேராகக் கால் ஊன்றி விழுந்தால் முதல் முறை எழும்பலாம். காலால் உந்தாவிட்டால் ஒவ்வொரு எழுச்சியும் குறைந்துகொண்டே போகும், இரண்டாவது முறை தலை தெரிவதே சந்தேகம். நீளப் பாவாடையோடு ஓடிவந்து குதிப்பவர் நேராக விழவும் மாட்டார். இரண்டரை மீட்டர் விழ 0.7 நொடி ஆகும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் அதற்குள் 1.4 மீட்டர் முன்னே போய்விடுவார். அங்கே இருப்பது ஸ்பிரிங்கும் இரும்புச் சட்டமும்.

மெத்தை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உண்மைச் சம்பவமே இருக்கிறது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டோஸ்கா’ ஓபரா ரோமில் 1900 ஜனவரி 14 அன்று அரங்கேறியது. அதற்கு மூலம், பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் 1887-இல் பாரிஸில் நடித்த, சார்து என்பவர் எழுதிய நாடகம். பெர்ன்ஹார்ட் 1905-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதே குதியைக் குதித்தபோது, மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வலது முழங்கால் அடிபட்டது. அது ஆறவே இல்லை. 1915-இல் காலை எடுத்தார்கள். அங்கே யாரும் விளையாடவில்லை, வெறும் கவனக்குறைவுதான்.

குறும்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓபராப் பாடகர் காருசோ, ‘உன் கை எப்படிச் சில்லிட்டிருக்கிறது’ என்று பாடும் இடத்தில், உடன் நடித்த பாடகி நெல்லி மெல்பாவின் கையில் சூடான சாசேஜை (இறைச்சிக் குழலை) வைத்து அழுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கும், எலும்பு முறிந்திருக்காது. விழுகிறவர் உங்களை நம்பித்தான் கண்ணை மூடிக்கொண்டு விழுகிறார். அவரைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை அந்த இடத்தில் கொண்டுவராதீர்கள்.

இனி உங்கள் நாடகத்துக்கு. உயரம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். அவர் மறைந்தால் போதும், பார்ப்பவருக்குப் பாதாளம் தெரியும். வீட்டுத் தேங்காய்நார் மெத்தை வேண்டாம், அது தரையைப் போலத்தான். மெல்லிய ஃபோம் ஒன்று மட்டும் போட்டால் அமுங்கி இடுப்பு தரையில் இடிக்கும். கீழே கெட்டியான ஃபோம், மேலே மெத்தென்ற ஃபோம், இரண்டும் சேர்ந்து குறைந்தது 40 செ.மீ. வேண்டும். இரண்டு மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நடுவே இடைவெளி விழும், கணுக்கால் மாட்டுவது அங்கேதான். மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்பின்மேல் வரக்கூடாது. மேடைச் சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் ஒத்திகையிலேயே நகரும்.

விழும்போது காலை ஊன்ற வேண்டாம், கையையும் நீட்ட வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, உட்காருவது போல இடுப்பிலும் முதுகிலும் விழ வேண்டும். பாவாடையோ வேட்டியோ, காட்சிக்குரிய உடையிலேயே ஒத்திகை பார்க்கவும்.

மேடை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத் திரும்பும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மெத்தை விளிம்பில் இருட்டில் தானே ஒளிரும் ரேடியம் டேப் ஒட்டுங்கள். மெத்தையருகே ஒருவர் சின்ன டார்ச்சோடு நிற்கட்டும். மெத்தையைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே டார்ச்சை இரண்டு முறை தாழ்வாக அசைக்க வேண்டும். அது தெரியாமல் நடிகர் சுவரில் ஏறவே கூடாது. வசனம் நின்றாலும் பரவாயில்லை. அந்த டார்ச்சை நீங்களே பிடியுங்கள், கே.