கடற்பாலத்தின் இரு பக்கமும்: சிங்கப்பூர், மலேசியா வாழ்க்கை பற்றிக் கேள்வி பதில்

ஐயா, மலேசிய எல்லை நகரமான ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) சம்பளம், மலேசிய ரிங்கிட்டில் செலவு. இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

இன்றைய செலவுக்கு இல்லை, தம்பி. முதுமைக்குத்தான் ஓட்டை. சிங்கப்பூரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அவர்களில் 55 வயது வரை உள்ளவர்கள் சம்பளத்தில் 20 விழுக்காடு கட்டினால் முதலாளி 17 சேர்க்கிறார். மலேசியாவிலேயே வேலை பார்த்திருந்தால் ஊழியர் சேமநிதிக்கு நீங்கள் 11, முதலாளி 12 அல்லது 13. வேலை அனுமதியில் இருக்கும் உங்களுக்கு இரண்டும் இல்லை. மலேசிய நிதியில் சொந்தமாகக் கட்ட வழி இருக்கிறது. நாணய மாற்று விகிதத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

மருத்துவம் எங்கே மலிவு?

மலேசியாவில்தான். அரசு மருந்தகத்தில் குடிமகனுக்கு 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரிடம் 5 ரிங்கிட். மீதி விலை, நீங்கள் காத்திருக்கும் நேரம்தான். சிங்கப்பூரில் அரசு மானியம் தாராளம். ஆனாலும் நோயாளி தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்பது கொள்கை. மெடிசேவ் அவரவர் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்குமான காப்புறுதி.

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்க முயல்கிறோம். சீனர் ஒருவர் வாங்க வந்தார், இன ஒதுக்கீட்டால் முடியவில்லை. இது நியாயமா?

1989-இல் வந்த விதி அது. ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஓர் இனத்தார் இவ்வளவுதான் என்று வரம்பு. ஓர் இனத்தாரே ஓரிடத்தில் குவியாமல் அது தடுத்தது உண்மை. குடியிருப்பாளர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கும் நாட்டில் அது சின்ன சாதனை அல்ல. ஆனால் சுமை சமமாக விழவில்லை. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் வீடு விற்கப் போனால், வாங்கக்கூடியவர்களின் கூட்டமே சிறியது, விலை இறங்குகிறது. நல்லிணக்கத்தின் செலவைச் சிறுபான்மையினர் தலையில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2022 முதல், மிகவும் சிரமப்படுகிறவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள முறையீடு செய்யலாம், முயன்று பாருங்கள். மலேசியாவில் புது வீடுகளுக்குப் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்கள், பூர்வகுடியினர்) தள்ளுபடி உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. அங்கே பாகுபாடு விலைப்பட்டியலிலேயே தெரியும்.

பிரசவ விடுப்பு?

மலேசியாவில் 2023 முதல் 98 நாள், தகப்பனுக்கு 7 நாள். சிங்கப்பூரில் குழந்தை குடிமகனாகப் பிறந்தால் தாய்க்கு 16 வாரம், தகப்பனுக்கு 4 வாரம்.

பிள்ளை தமிழ் படிக்க எந்த நாடு?

தொடக்கப்பள்ளி வரை மலேசியா. ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள், கணக்கும் தமிழில். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, ஆனால் பள்ளியில் ஒரு பாடம் மட்டுமே. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. மலேசியாவிலும் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்தான்.

அப்பாவுக்கு 55 ஆகிறது. ஊழியர் சேமநிதி முழுவதையும் எடுத்து வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார். எடுக்கலாமா?

எடுக்கலாம், சட்டம் தடுக்காது. சிங்கப்பூர் விடாது, ஒரு தொகையைப் பிடித்துவைத்து 65 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாதாமாதம் கொடுக்கும். அதைத் திட்டாத சிங்கப்பூரரை நான் பார்த்ததில்லை. எண்பது வயதில் திட்டுகிறவர் குறைவு. அப்பாவிடம் கூரைக்கும் குழாய்க்கும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மீதி நிதியிலேயே இருந்தால் ஆண்டு ஈவு தொடர்ந்து வரும்.